காலியாகத் திறக்கும் ஃபார்ம்

ஜனவரி 11

அன்பு அண்ணனுக்கு,

இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். அங்கே நீ, அண்ணி, உன் முழங்கால், மூவரும் எப்படி இருக்கிறீர்கள்?

நாம் போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் சண்டை வருகிறது, அம்மா போனைப் பிடுங்கி வைத்துவிடுகிறாள். "ரெண்டு பேரும் இனிமே கடுதாசி எழுதிக்கோங்க. தபால் வந்து சேர்றதுக்குள்ள கோவம் ஆறிடும்" என்று அவள் போட்ட சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எழுதுகிறேன். ஒரே இரத்த வங்கியில் தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுக்கு நீ பொறுப்பாளர். கிளையில் கணினி பார்ப்பவள் நான். நாம் இருவரும் தபால்பெட்டியைத் தேடி நடப்பதைக் கேட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும்.

கோபம் ஆறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் வரை எங்கள் கிளையில் இரத்தம் கொடுக்கிறவர்களின் விவரம் எல்லாம் எங்கள் கணினிக்குள்ளேயே இருந்தது. அதைத் திரையில் காட்டும் ஃபார்மை நான்தான் செய்தேன். திறந்ததும் அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள், மவுஸை உருட்டி வேண்டியவரைப் பிடித்துக்கொள்வோம். புது வருஷம் பிறந்ததும் எல்லாக் கிளைகளின் விவரத்தையும் உங்கள் சர்வருக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். ஃபார்ம் இங்கே, விவரம் அங்கே. இப்போது ஃபார்மைத் திறந்துவிட்டு எழுந்துபோய் முகம் கழுவி, கிளைக்குப் பொறுப்பான டாக்டரம்மாவுக்கு வணக்கம் சொல்லி, நாலு பேரிடம் வம்பளந்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கிறது.

சர்வர் தூங்குகிறதா? லைன் சரியில்லையா? மாற்றிக்கொடுத்த கம்பெனி இன்ஜினியர் ஒரு தடவையாவது கிளையில் உட்கார்ந்து பார்த்தாரா? நீ பார்த்தாயா? மற்ற கிளைகளும் இப்படித்தானா? என்றைக்குச் சரியாகும்? பழையபடி எங்கள் கணினிக்கே திருப்பித் தரமுடியுமா? முடியாதென்றால் ஏன்?

மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்கிறாள் அம்மா. அண்ணிக்கு என் அன்பு. எல்லாக் கேள்விக்கும் பதில் வேண்டும்.

உன் தங்கை


ஜனவரி 24

அன்பு வாயாடிக்கு,

நாங்கள் நலம். முழங்கால் உன்னைத் தனியாக விசாரித்தது. அம்மாவின் பி.பி. மாத்திரை தீர்வதற்கு முன்பே வாங்கிவிடு, தீர்ந்த பிறகு அல்ல.

உன் கேள்விகளை எண்ண ஆரம்பித்த அண்ணி பாதியில் கைவிட்டுவிட்டாள். நானும் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சர்வர் நன்றாக இருக்கிறது, லைனும் நன்றாக இருக்கிறது. இன்ஜினியர் உன் ஃபார்மைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், இது ஒரு ஆளைக் கேக்கல. ஊரையே கூப்பிடுது" என்றார். விவரம் உன் கணினியிலேயே இருந்தபோது அது தெரியவில்லை. இப்போது நீ திறக்கும் ஒவ்வொரு தடவையும் அத்தனை பேரும் இங்கிருந்து கம்பி வழியாக நடந்து வரவேண்டும். ஊர்ப்பட்டியல், ஆஸ்பத்திரிப் பட்டியல், ஒவ்வொருவரும் எப்போதெல்லாம் கொடுத்தார்கள் என்ற வரலாறு, எல்லாம் பின்னாலேயே வரும். மலையைக் கெல்லி எலியைப் பிடிக்கிறாய், அம்மா தாயே.

ஆனால் இங்கேயும் மற்ற கிளைகளிலும் நகல் போட்டு வைத்திருக்கும் அந்த ஃபார்ம், நம் இரத்த வங்கித் தலைவருக்கு உயிர். யார் பார்க்க வந்தாலும் என் அறைக்கு அழைத்து வந்து, அதைத் திறக்கச் சொல்லி, தன் கையாலேயே வீலை உருட்டுவார். "பாருங்க, போய்க்கிட்டே இருக்கு பாருங்க!" என்பார். அந்த நேரம் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், புது சைக்கிள் கிடைத்த பையன் தோற்றான். சர்வர் என் பக்கத்து அறையில் இருப்பதால் இங்கே எப்படியோ ஒப்பேறுகிறது. ஆகஸ்டில் சர்வருக்குத் திறப்பு விழா வைத்து, எல்லாக் கிளைகளின் ஆட்களையும் ஒரே பட்டியலாக உருட்டிக் காட்டவேண்டும் என்று காத்திருக்கிறார்.

அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


பிப்ரவரி 9

அன்பு அண்ணனுக்கு,

அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டேன். அவள் நலம். நான் நலமா என்று தெரியவில்லை, படித்துவிட்டு நீயே சொல்.

"ஊரையே கூப்பிடுது" என்ற வரியைப் படித்ததும் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். என் ஃபார்மைக் குறை சொல்ல அந்த இன்ஜினியர் யார்? அம்மா அதை எடுத்து நீவி, அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். அதற்கு மறுவாரம் இது நடந்தது.

காலையில் கவுண்டருக்கு ஒருவர் ஓடி வந்தார். பிரசவத்துக்குச் சேர்ந்த மனைவிக்கு இரத்தம் நிற்கவில்லை, ஓ நெகட்டிவ் வேண்டும். எங்களிடம் இருப்பில் இல்லை. கொடுக்கக்கூடியவர்களைத் தேடிக் கூப்பிடவேண்டும். ஃபார்மைத் திறந்தேன். சுற்றுகிறது.

"கிடைச்சிடுமாம்மா?"

"தேடிட்டு இருக்கேங்க."

கொஞ்ச நேரம் பொறுத்தார். கவுண்டருக்கு மேலே எம்பித் திரையைப் பார்த்தார். "நீங்க எங்கம்மா தேடுறீங்க? அது சுத்துது, நீங்க அதைப் பார்த்துட்டு இருக்கீங்க!"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நல்லவேளை, நான் தினமும் வரும் பஸ்ஸின் டிரைவர் அந்த குரூப். அவர் எண் என் போனில் இருந்தது. வண்டியை டிப்போவில் விட்டுவிட்டு ஓடி வந்தார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அது என் ஃபார்ம் செய்த வேலை இல்லை. பஸ் டிரைவருக்கு அந்த குரூப் வாய்த்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் அம்மாவின் மாத்திரை வாங்க மருந்துக்கடையில் நின்றேன். சுவர் முழுக்க மருந்து. கடைக்காரர் என்னைப் பார்த்ததும் அத்தனையையும் இறக்கி என் முன்னால் கொட்டவில்லை. "என்ன வேணும்?" என்று கேட்டார். சொன்னேன். திரும்பிப்போய் ஒரு அட்டையை மட்டும் எடுத்துவந்தார். நான் சில்லறை வாங்க மறந்து நின்றுகொண்டிருந்தேன்.

ஃபார்மில்தான் கோளாறு. ஒப்புக்கொள்கிறேன், இந்த வரியை மட்டும் அண்ணிக்குப் படித்துக் காட்டாதே. அதைப் பிரித்துப்போட்டுப் புதிதாகச் செய்யப்போகிறேன். பொறுத்துக்கொள் என்கிறாயே, என்னால் பொறுக்க முடியும். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரால் முடியாது.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தங்கை


பிப்ரவரி 27

அன்புத் தங்கைக்கு,

அனைவரும் நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது.

அந்த அம்மா பிழைத்ததில் நிம்மதி. குழந்தை ஆணா பெண்ணா என்று அண்ணி கேட்கிறாள்.

ஃபார்ம் விஷயத்தில் மட்டும் அவசரப்படாதே. எதை மாற்றுவதாக இருந்தாலும் இங்கே கேட்டுவிட்டுச் செய்வதுதான் முறை. நீ பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

முழங்கால் அப்படியே இருக்கிறது.

அண்ணன்


மார்ச் 20

அன்பு அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன். குழந்தை பெண். குழந்தையின் அப்பா வந்து மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார்.

ஃபார்ம் முடிந்துவிட்டது!

திறந்தால் எதுவும் இருக்காது. வெள்ளைத் திரை, மேலே கட்டங்கள் மட்டும். குரூப் என்ன, எந்த ஊர், இல்லையென்றால் போன் நம்பர். தட்டினால் அந்தக் கேள்வி மட்டும் உன் சர்வருக்குப் போகும். அது அங்கேயே தேடி, பொருந்துகிறவர்களை மட்டும் அனுப்பும். அண்மையில் கொடுத்தவர்கள் வரமாட்டார்கள், இப்போது கொடுக்கக்கூடியவர்கள் மட்டும்தான். ஒருவருடைய பழைய வரலாறு தனிப் பக்கத்தில் இருக்கிறது, அந்தப் பக்கத்தைத் தொட்டால்தான் வரும். ஊர்ப்பட்டியல் தினம் தினமா மாறப்போகிறது? அதை இங்கேயே ஒரு நகல் வைத்துக்கொண்டேன். காலையில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளும்.

காலியாகத் திறக்கவைக்க ஒரு தந்திரம் செய்தேன். "ஒன்றும் பூஜ்யமும் சமமாக இருந்தால் மட்டும் காட்டு" என்று நிபந்தனை போட்டேன். அது இந்த ஜென்மத்தில் நடக்காது, அதனால் ஒருவரும் வரமாட்டார்கள். எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

அம்மாவை அழைத்துவந்து உட்காரவைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "என்னடி, ஒண்ணுமே இல்ல?" என்றாள். "உனக்கு என்ன வேணும்னு சொல்லு" என்றேன். உன் பழைய போன் நம்பரைச் சொன்னாள். தட்டினேன், வாய் மூடுவதற்குள் நீ வந்துவிட்டாய். நீ கல்லூரி நாளில் இரத்தம் கொடுத்தது, அதற்குப் பிறகு ஒருதடவையும் இல்லை. "சோம்பேறி" என்றாள் அம்மா.

டாக்டரம்மா பார்த்துவிட்டு என் முதுகில் தட்டினார். நீ முதலில் கேள் என்றாய், நான் முதலில் செய்துவிட்டேன். இதோடு பென் டிரைவ் வைத்திருக்கிறேன். உன் கணினியில் போட்டுப் பார். எவ்வளவு வேகம் என்று எழுது. தலைவருக்குக் காட்டு. எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பமுடியுமா? எப்போது அனுப்புவாய்? இன்ஜினியர் என்ன சொல்கிறார்? அண்ணி என்ன சொன்னாள்?

உன் உடம்பும் என் ஃபார்ம் மாதிரி வேகமாகட்டும்.

தங்கை


ஏப்ரல் 14

அன்பு அண்ணனுக்கு,

நலமா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. பென் டிரைவ் வந்து சேர்ந்ததா?

உன் பதிலுக்குப் பதிலாக வேறொன்று வந்திருக்கிறது. தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு. அப்படியே எழுதுகிறேன்: "கிளையில் அனுமதியின்றி மாற்றப்பட்ட ஃபார்ம் உடனடியாக நீக்கப்பட வேண்டும். ஃபார்ம் திறக்கும்போது கொடையாளர் பட்டியல் முழுமையாகத் தெரிய வேண்டும். காலியான திரை, நிறுவனத்திடம் கொடையாளர்களே இல்லை என்ற தோற்றத்தை உண்டாக்கும். திறப்பு விழாவுக்குள் கீழ்ப்படியாத ஊழியர் கிடங்குப் பிரிவுக்கு மாற்றப்படுவார்."

கீழே முத்திரை மட்டும் இருக்கிறது. எழுதியவர் பெயர் இல்லை.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். காலியான திரை நிறுவனத்துக்கு அவமானமாம். அந்த மனிதர் கவுண்டருக்கு மேலே எம்பிப் பார்த்தபோது சுற்றிக்கொண்டிருந்ததே, அது அவமானம் இல்லையா?

"இதை நான் எடுக்கமாட்டேன்" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் உத்தரவை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, "எனக்கு எதுவும் வந்து சேரலையே" என்றார். அவர் அப்படித்தான்.

நீ அங்கேதானே இருக்கிறாய். இதை யார் எழுதினார்கள் என்று கண்டுபிடித்துச் சொல். அந்த ஆளுக்கு நேராக ஒரு கடிதம் எழுதவேண்டும், அன்பு சேர்க்காமல். தலைவரா? நிர்வாகத்தில் யாராவதா? இன்ஜினியரா? நீ தடுத்துப் பார்த்தாயா? உன்னிடம் கேட்டார்களா? உனக்கு இது முன்பே தெரியுமா?

அம்மாவிடம் சொல்லவில்லை. முழங்காலைக் கவனி.

தங்கை


மே 2

அன்புத் தங்கைக்கு,

அம்மாவுக்கும் உனக்கும் என் அன்பு. நீங்கள் இருவரும் வெயிலில் அதிகம் அலையவேண்டாம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அண்ணிக்கு ஜலதோஷம் வந்து தேறிவிட்டது. முழங்காலுக்கு வேறு டாக்டரைப் பார்த்தேன், இவரும் நடக்கச் சொல்கிறார், முந்தையவர் நடக்காதே என்றார். யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் பாதி தூரம் நடக்கிறேன். பக்கத்து வீட்டில் புது ஆட்கள் குடிவந்திருக்கிறார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது, சரிசெய்ய ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

பென் டிரைவ் கிடைத்தது. விழா வேலை தலைக்கு மேல் இருக்கிறது.

உத்தரவைப் பொறுத்தவரை, அது பெரிய இடத்து விஷயம். இந்த ஒருமுறை விட்டுக்கொடுத்துவிடேன். விழா முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா மாத்திரையை விடாமல் சாப்பிடட்டும்.

அண்ணன்


மே 10

அண்ணனுக்கு,

நலம், நலமா?

இத்தனை நாளும் உனக்கு எழுதிய கடிதங்களை நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் இருக்கிற கேள்வி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறேன். நீ உனக்கு வசதியானதை மட்டும் பொறுக்கிப் பதில் சொல்லியிருக்கிறாய். என் பழைய ஃபார்முக்கு வந்த அதே வியாதிதான். இந்தத் தடவை ஒரே ஒரு கட்டம்.

அந்த உத்தரவை எழுதியது நீயா?

தங்கை


ஜூன் 6

தங்கைக்கு,

நலம். நான்தான்.

அண்ணன்


ஜூன் 13

இரத்த வங்கித் தலைமை அலுவலகக் கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

தாங்கள் நலமென்று நம்புகிறேன். தங்கள் முழங்காலும் நலமென்று நம்புகிறேன்.

தங்கள் உத்தரவு கிடைத்தது. அதற்கு என் பதில்: முடியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைப் பற்றி எழுதினீர்கள். நான் அதைப் படித்து, பாவம், அண்ணனுக்கு எத்தனை தொல்லை என்று இரக்கப்பட்டேன். உத்தரவை எழுதிய ஆளைக் கண்டுபிடிக்க உங்களையே துணைக்குக் கூப்பிட்டேன். அதை நினைத்தால்தான் ஆத்திரம் அடங்கவில்லை. தலைவர் எழுதியிருந்தால் எனக்கு வலித்திருக்காது. அவர் கவுண்டரில் நின்றதில்லை, அந்த மனிதரைப் பற்றி யாரும் அவருக்கு எழுதவில்லை. உங்களுக்கு நான் எழுதினேன். ஒரு வரி விடாமல் எழுதினேன். "அந்த அம்மா பிழைத்ததில் நிம்மதி" என்று பதில் போட்ட அதே கை, அந்த வட்டத்தைச் சுற்றவிடு என்று உத்தரவு எழுதியிருக்கிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். பூசாரி என் கூடப் பிறந்தவனாக இருப்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

தங்கள் கவனத்துக்கு மேலும் சில. ஃபார்ம் இங்கே காலியாகத்தான் திறக்கிறது, இனியும் அப்படித்தான் திறக்கும். "எல்லாரையும் காட்டு" என்று ஒரு பட்டனாவது வைத்துவிடு என்று யாராவது சமாதானம் பேச வந்தால், அதற்கும் முடியாது என்பதே பதில். எல்லாருக்கும் ஒரே சர்வர், ஒருவர் அதை அமுக்கினால் எல்லாக் கிளையும் நிற்கும். ஆற்றங்கரைக் கிளையிலிருந்து வந்த பெண் பார்த்துவிட்டு நகல் வாங்கிப்போனாள். அவளிடமிருந்து இன்னொரு கிளைக்குப் போயிருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்கிறேன். கிடங்குக்கு என்னை மாற்றுவதானால் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். பெட்டி கட்டிவைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்த உங்கள் கடிதங்களை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டாள்.

தங்கள் கீழ்ப்படியாத ஊழியர்


ஆகஸ்ட் 17

அன்புத் தங்கைக்கு,

நீ நலமா, அம்மா நலமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன். இரண்டு மாதத்தில் எழுதிக் கிழித்த கடிதங்களை அண்ணி கூட்டி அள்ளினாள். "கிழிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணையாவது அனுப்பியிருக்கலாம்" என்றாள்.

உன் ஃபார்மை மார்ச்சிலேயே என் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டேன். பென் டிரைவ் வந்த அன்றைக்கே. குரூப்பையும் ஊரையும் கொடுத்தேன், கண் இமைப்பதற்குள் வந்து நின்றது. இன்ஜினியர் என் தோளுக்குப் பின்னால் நின்று விசில் அடித்தார். அதைத் தூக்கிக்கொண்டு தலைவரிடம் ஓடினேன். அவர் வெள்ளைத் திரையைப் பார்த்ததும், "எங்கய்யா எல்லாரும்? அழிஞ்சிடுச்சா?" என்றார். விளக்கினேன். காதில் ஏறவில்லை. "நான் எதை உருட்டறது?" என்று கேட்டார். பிறகு, "உன் தங்கச்சிங்கறதால விடறியா?" என்றார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. அன்று மத்தியானமே உத்தரவை எழுதி முத்திரை குத்தினேன். பயந்தேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை. இதை உனக்கு எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

இனி விழா. அதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். எல்லாக் கிளைகளின் ஆட்களையும் பழைய ஃபார்மில் திறந்தோம். திரை உறைந்துவிட்டது. அதோடு விடவில்லை. என் மேஜை போன் அலற ஆரம்பித்தது. ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டு, "சார், இங்க எதுவும் வரல, கவுண்டர்ல ஆள் நிக்குது" என்றார்கள். நாங்கள் ஒரே ஒரு இடத்தில் திறந்ததற்கு எல்லாக் கவுண்டரும் நின்றுவிட்டது. நீ எழுதியிருந்தாயே, அதேதான். தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் சால்வைகளை எண்ணிக்கொண்டிருந்தார். "ஒரு அஞ்சு நிமிஷம் நின்னா என்னய்யா இப்போ?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை, தெரியுமா. தெரியாமல்தான் கேட்டார். எனக்கு மட்டும் அந்த நொடியில் கவுண்டருக்கு மேலே எம்பிப் பார்த்த உன் ஆள் நினைவுக்கு வந்தார். நான் அவரைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்தான் வந்து நின்றார்.

மறுநாள் விழாவில் மாலை போடுவது, விளக்கேற்றுவது, பேச்சு எல்லாம் முடிந்தது. பெரிய டாக்டர்கள் வந்திருந்தார்கள். தலைவர் பெரிய திரைக்கு முன்னால் போய் மவுஸில் கை வைத்து, "இப்ப பாருங்க" என்றார். நான் உன் ஃபார்மைத் திறந்தேன்.

வெள்ளையாக வந்தது. தலைவர் வீலை உருட்டினார். ஒன்றும் நகரவில்லை. இன்னொரு தரம் உருட்டினார். "எங்கய்யா எல்லாரும்?" என்றார், இந்தத் தடவை மைக்கில்.

"நீங்க இன்னும் எதுவும் கேக்கலையே ஐயா" என்றேன்.

என் குரல்தான் அது. எனக்கே சந்தேகமாக இருந்தது. முன்வரிசையில் ஒரு டாக்டரம்மா எழுந்து, ஒரு குரூப்பையும் ஒரு ஊரையும் சொன்னார். தட்டினேன். அவர் உட்காருவதற்குள் ஏழெட்டுப் பேர் போன் நம்பரோடு வந்து நின்றார்கள். சந்தேகம் தீராமல் முதல் நம்பரை அங்கேயே கூப்பிட்டார். மறுமுனையில் ஆள் எடுத்து, "எப்ப வரணும்?" என்றார். சபை கை தட்டியது. தலைவர் மட்டும் மவுஸிலிருந்து கையை எடுக்காமல், "நான் உருட்டணும்" என்று மெதுவாகச் சொன்னார். "உருட்ட எதுவும் இல்லைங்க. கேட்டா வரும்" என்றேன்.

மறுநாள் அழைத்தார். அடுத்தவர் முன்னால் அவரை அவமானப்படுத்தினேனாம். வாதாடவில்லை. என்னை மாற்றியிருக்கிறார், பொறுப்பாளராக இல்லை, உதவியாளராக. எந்தக் கிளை தெரியுமா? உன் கிளை. தண்டனை என்று நினைத்துத்தான் போட்டிருக்கிறார். தங்கைக்குக் கீழே வேலை பார்க்கட்டும் என்று சிரித்தாராம்.

முத்திரை என் கையில் இருந்த கடைசி நாளில் இன்னொரு உத்தரவு எழுதினேன். ஏப்ரலில் உன் கைக்கு வந்தது ரத்து. எல்லாக் கிளைகளிலும் ஃபார்ம் காலியாகத் திறக்கவேண்டும். கீழே என் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டேன், யார் எழுதியது என்று யாரும் தேடவேண்டாம். தலைவர் இதையும் ரத்து செய்யலாம். செய்யட்டும் பார்க்கலாம். அந்த டாக்டர்கள் எல்லாரும் ஃபார்மைக் கேட்டு அவருக்கே கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நானும் அண்ணியும் இம்மாதக் கடைசியில் வருகிறோம். உன் வீட்டுக்கு வரலாமா, வேறு வீடு பார்க்கவேண்டுமா என்று அம்மாவைக் கேட்டுச் சொல். உன்னைக் கேட்கத் தைரியம் இல்லை.

முழங்கால் வலிக்கிறது. அதை நீ நம்பவேண்டிய அவசியம் இல்லை.

அண்ணன்


ஆகஸ்ட் 22

அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் நலம். அம்மா உன் கடிதத்தை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். இரண்டாம் தடவை மைக் இடத்தில் என்னை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த வாய் அவனுக்கு எங்கிருந்து வந்துச்சு? உன்கிட்டதான்" என்றாள். உன் கடிதங்கள் மறுபடியும் அரிசி டப்பாவுக்கு அடியில் போய்விட்டன.

எனக்குக் கோபம் தீரவில்லை. ஏப்ரலும் மேயும் ஜூனும் நான் பட்டதை நீ நேரில் உட்கார்ந்து கேட்கவேண்டும். ஆனால் நீ மேடையில் நின்று சொன்னதைப் படித்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் என்று கிளை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். டாக்டரம்மா உனக்கு இரண்டாவது கவுண்டரைத் துடைத்து வைத்திருக்கிறார். பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

வேலை நிபந்தனைகள். கவுண்டரில் யார் வந்தாலும், திரையைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்து "என்ன வேணும்?" என்று கேட்கவேண்டும். நடுவில் முழங்கால் கதை கூடாது. முதல் நாளே நீ இரத்தம் கொடுக்கிறாய். கல்லூரிக்குப் பிறகு கொடுத்ததே இல்லை என்று ஃபார்ம் காட்டிக்கொடுத்துவிட்டது, அம்மா மறக்கவில்லை.

வீடு எங்கே பார்ப்பது என்ற பேச்சை எடுத்தால் அம்மா கையில் கரண்டி இருக்கும். முன் அறையைக் காலி செய்தாகிவிட்டது.

இனி எனக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. ரயில் எத்தனை மணிக்கு வருகிறது?

உன் வாயாடி